பேச்சு கேட்டல் (மாணவர் ஆய்வு)

மாணவர் ஆய்வில் கேள்வியை வகுப்பதற்கு முன், அப்பொருள் பற்றி ஏற்கெனவே நடந்துவரும் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் தொடக்கநிலை. 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளை உள்ளூர்ச் சிக்கல்களை ஆராயச் சொல்வதால் அங்கே இதற்குத் தனி மதிப்பு உண்டு. விவாதத்தின் நடுவில் நுழைபவர் முதலில் கேட்க வேண்டும் என்பதை அமெரிக்கத் திறனாய்வாளர் கென்னெத் பர்க் 1941இல் எழுதியிருக்கிறார்.

காரைக்கால் மாவட்டத்து மீனவர் ஊரான மண்டபத்தூரை எடுத்துக்கொள்வோம். 'மீன்வளம் ஏன் குறைகிறது?' என்று வினாத்தாளோடு போனால், எல்லாரும் எங்கும் சொல்லும் பதிலே கிடைக்கும். வலை பொத்துகிற இடத்தில் சும்மா உட்கார்ந்தால் கேள்வியே மாறிவிடும்: டீசல் காசு தேறியதா, மத்தி யார் வலையில் விழுந்தது, சுருக்குமடியை (மீன்கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் வலை) எவ்வளவு தூரத்தில் போட்டார்கள்? இந்தச் சுருக்குமடி வலையை அண்டை மாநிலமான தமிழ்நாடு 2000இல் தடைசெய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரு நாள் மட்டும் இடைக்கால அனுமதி தந்தது. இந்த நெடுநாள் வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதும் மாணவர், தம்மை அறியாமலே கட்சிக்காரர் ஆகிவிடுவார்.

விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம் (ஏப்ரல் 15 – ஜூன் 14) கோடை விடுமுறையோடு சேர்ந்து வருவது வசதி. மீன் விற்கும் பெண்களின் பேச்சு பெரும்பாலும் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. விலை நிலவரமோ அவர்கள் கைவசம். ஒட்டுக்கேட்பது பேச்சு கேட்டலில் சேராது. வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.