சிறுநீரக நலம்: வலி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம், ஆண்டுக்கு இரு பரிசோதனைகள் போதும்

முதுகு வலித்தால்தான் சிறுநீரகக் கோளாறு என்றும், சிறுநீர் தடையின்றிப் பிரிந்தால் கோளாறு ஏதுமில்லை என்றும் பலர் நம்புகின்றனர். இரண்டுமே சரியல்ல. நாள்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது. வடிகட்டும் திறனின் பெரும்பகுதி குறைந்த பிறகும் சிறுநீர் வழக்கம்போலவே பிரியலாம். இதனால் டயாலிசிஸ் தேவைப்படும் கட்டத்தில்தான் பலருக்கு நோய் தெரியவருகிறது. அந்த நிலையைத் தவிர்க்க எளிய பரிசோதனைகளும் சில அன்றாடப் பழக்கங்களும் பெரிதும் உதவும்.

சிறுநீரகத்தின் பணி

முதுகெலும்பின் இருபுறமும் கைமுட்டி அளவில் அமைந்துள்ள சிறுநீரகங்கள் ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் எனப்படும் நுண்வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உள்ளன. இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டி, தேவையான நீரையும் உப்புகளையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. எஞ்சும் 1 முதல் 2 லிட்டர் வரையே சிறுநீராக வெளியேறுகிறது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பது, சிவப்பணுக்களின் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பது, எலும்புகளின் வலிமைக்கு உதவுவது ஆகியவையும் சிறுநீரகத்தின் பணிகளே.

அழிந்த நெஃப்ரான்கள் மீண்டும் உருவாவதில்லை. எஞ்சியவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. நோய் நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

சிறுநீரகச் செயலிழப்புக்கான முதன்மைக் காரணங்கள் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் ஆகும். இதய நோய், உடல் பருமன், புகைப்பழக்கம், அடிக்கடி உண்டாகும் சிறுநீரகக் கல், குடும்பத்தில் எவருக்கேனும் சிறுநீரக நோய் இருத்தல் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. கர்ப்பகாலத்தில் உயர் ரத்த அழுத்தம் ஏற்பட்ட பெண்களும் பிற்காலத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாதவர்களையும் நோய் தாக்கக்கூடும். ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உள்ள உத்தானம் பகுதியில், நீரிழிவோ ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயத் தொழிலாளர்கள் பலர் பல ஆண்டுகளாகச் சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டு வருகின்றனர். அங்கு நோய்க்கான உறுதியான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. கடும் வெயிலில் உழைப்பதால் ஏற்படும் நீரிழப்பும் ஆராயப்படும் காரணங்களுள் ஒன்று.

செய்ய வேண்டிய இரு பரிசோதனைகள்

முதலாவது, ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைக் கண்டறிதல். இந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. வடிகட்டும் திறன் பாதியளவு குறைந்த பிறகே பலருக்குக் கிரியாட்டினின் இயல்பு வரம்பைத் தாண்டுகிறது. தசை குறைந்த முதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நோய் இருந்தும் அளவு இயல்பாகவே தோன்றலாம். எனவே வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடப்படும் 'இஜிஎஃப்ஆர்' என்னும் மதிப்பையும் அறிக்கையில் கேட்டுப் பெற வேண்டும். இது மூன்று மாதங்களுக்கு மேலாக 60-க்குக் கீழ் இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்ளப்படுகிறது. 15-க்குக் கீழ் சென்றால் அது செயலிழப்பு நிலை.

இரண்டாவது, சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று பார்த்தல். அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், இஜிஎஃப்ஆர் இயல்பாக இருந்தாலும்கூட அது தொடக்கநிலைப் பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் இந்த அளவு தற்காலிகமாக உயரும் என்பதால், மறுபரிசோதனை செய்தே முடிவுக்கு வர வேண்டும்.

நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்விரண்டையும் செய்துகொள்வது அவசியம்.

உப்பும் உணவும்

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவே, போதுமானது என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத் தீனிகள் ஆகியவற்றின் வழியே இந்த அளவு எளிதில் மீறப்படுகிறது. இந்துப்புக்கு மாறுவதால் பயனில்லை. அதிலும் பெருமளவு இருப்பது சோடியமே. 'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படும் சிலவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு இது இதயத்துடிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஆபத்தாகலாம். இதே காரணத்தால், நோய் முற்றியவர்கள் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் அருந்தக் கூடாது.

தண்ணீர் எவ்வளவு?

அதிகமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் 'சுத்தமாகும்' என்ற கருத்துக்கு ஆதாரமில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சள் நிறத்தில் இருக்கும் அளவுக்கு அருந்தினால் போதும். வெயிலில் உழைப்பவர்களுக்கும் கல் தொந்தரவு உள்ளவர்களுக்கும் கூடுதலாகத் தேவை. உடலில் நீர் கோத்திருக்கும் நோயாளிகளோ மருத்துவர் குறித்த அளவைத் தாண்டக் கூடாது.

மாத்திரைகளில் எச்சரிக்கை

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி உண்ணப்படும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. முதியவர்களும், ரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களும், வயிற்றுப்போக்கால் நீர் இழந்தவர்களும் இவற்றை எடுத்துக்கொண்டால் திடீர்ப் பாதிப்பு நேரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு நேரத்தில் வழக்கமான மாத்திரைகளைத் தொடரலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இயற்கையானது என்பதாலேயே எந்த மருந்தும் பாதுகாப்பானது ஆகிவிடாது. ஆடுதீண்டாப்பாளை உள்ளிட்ட அரிஸ்டலோக்கியா இனத் தாவரங்களில் சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சிதைக்கும் அமிலம் உள்ளது. முகப்பொலிவுக்காக விற்கப்படும் சில கிரீம்களில் கலக்கப்படும் பாதரசத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் கேரளத்தில் பதிவாகியுள்ளன.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கால் அல்லது முக வீக்கம், சிறுநீரில் நீங்காத நுரை, சிறுநீரில் ரத்தம், இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமற்ற சோர்வு, பசியின்மை, தோல் அரிப்பு ஆகியவை தென்பட்டால் தாமதிக்கக் கூடாது. எனினும் இவற்றுள் பல, நோய் முற்றிய பிறகே தோன்றுபவை.

நோய் கண்டறியப்பட்டால்

தொடக்கத்திலேயே தெரிந்தால் நோயின் வேகத்தைக் குறைக்க முடியும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதோடு, புரதக் கசிவைக் குறைக்கும் மருந்துகளும் உள்ளன. செயலிழப்பு நிலையை எட்டிவிட்டால் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகமே வழி. வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய வேண்டும். 2016-ல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகிறது. ஆனால் சிகிச்சை இலவசமானாலும், வாரத்தில் மூன்று நாள் பயணமும் இழக்கும் கூலியும் குடும்பத்தின் மீதே விழுகின்றன.

மார்ச் மாத இரண்டாவது வியாழக்கிழமை உலகச் சிறுநீரக தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆண்டுப் பரிசோதனையை மறந்துவிடுவோர் அந்த நாளையே அதற்கான நினைவூட்டலாகக் கொள்ளலாம்.