அம்மாகிட்ட நம்பர் கேக்கலாமா?



"அம்மன் கனவுல நம்பர் ஏதாச்சும் சொன்னாங்களா?" ஆலயத்தில் தொண்டூழியம் செய்யும் எங்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. சிரிச்சிட்டுப் போகலாம். ஆனா இதுக்கு நம்ம பினாங்கில் பழைய வரலாறு இருக்கு.

1786-ல் பிரான்சிஸ் லைட் இங்கே வந்து இறங்கினார். ஆரம்பத்தில் துறைமுகத்தில் சுங்கம் கிடையாது. நிர்வாகச் செலவுக்கு, அபின், சாராயத்தோடு சூதாட்டத்தையும் கம்பெனி குத்தகைக்கு விட்டது. அதிகத் தொகை கேட்டவருக்கே உரிமை. ஆடினவங்க கைக்காசுலதான் அவர் குத்தகையும் கட்டினார், லாபமும் பார்த்தார்.

அந்தக் குத்தகை ஒழிந்தும் கணக்கு மாறல. இன்றைய நாலு நம்பரில் மொத்தம் 10,000 எண்கள். எல்லாத்துக்கும் ஒவ்வொரு வெள்ளி 'பெரிசு' கட்டினால் செலவு 10,000 வெள்ளி. 23 பரிசும் சேர்த்துத் திரும்பி வருவது 6,400 வெள்ளிதான்!

வள்ளுவர் 94-ஆம் அதிகாரம் முழுக்கச் சூதுக்கே ஒதுக்கியது சும்மாவா?

நிறுத்த முடியலையா? வீட்டில் மறைக்காதீங்க. வட்டி முதலைகிட்ட போகாதீங்க. பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏகேபிகே-யில் கடன் ஆலோசனை இலவசம். மனசு விட்டுப் பேச பினாங்கு பிஃப்ரெண்டர்ஸ் இருக்காங்க. துணைக்கு ஆள் வேணும்னா எங்களைக் கூப்பிடுங்க, சேர்ந்தே போவோம்.

அம்மாகிட்ட நம்பர் வேண்டாம், நிறுத்துற மனசைக் கேட்போம்.

ஓம் சக்தி! 🌺