ஆமையின் வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள் நம் பெரியவர்கள். திரங்கானு கடற்கரையின் வரலாற்றைப் பார்த்தால், நேயர்களே, உருப்படாமல் போனது ஆமையின் வீடுதான். புகுந்தவர்கள் மனிதர்கள்.

1950களில் ரந்தாவ் அபாங் கரையில் தோல்முதுகு ஆமைகள் ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் முறை முட்டையிட்டதாகக் கணக்கு. நட்சத்திரப் பழத்தைப் போல் முதுகில் வரம்பு ஓடுவதால் மலாய்க்காரர்கள் இதற்கு 'பெலிம்பிங்' என்று பெயர் வைத்தார்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டம் முட்டை எடுப்பதைத் தடுக்கவில்லை. உரிமம் கொடுத்து முறைப்படுத்தியது. உரிமம் எடுத்தவர் போட்ட பணத்தை மீட்கத்தானே பார்ப்பார்? ஏறக்குறைய எல்லா முட்டையும் சந்தைக்குப் போனது. 1961இல் பொரிப்பகம் தொடங்கினார்கள். ஆனால் குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சூடு கூடினால் அத்தனையும் பெண். அங்கே பொரித்தவற்றில் பெரும்பாலானவை பெண் குஞ்சுகளே என்பது ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. மீன்வலையில் சிக்கி மாண்டவை வேறு. இன்று அந்தக் கரையில் பெலிம்பிங்கைக் காண்பதே அபூர்வம். தோல்முதுகு ஆமையின் முட்டைக்கு முன்பே தடை வந்துவிட்டாலும், மாநிலத்தில் எல்லாக் கடலாமை முட்டை விற்பனையும் நிறுத்தப்பட்டது 2022இல்தான்.

அதே மாநிலத்தில், கெமாமான் ஆற்றோரம் இருக்கிறது கம்போங் பாசிர் காஜா. ('காஜா' வேறொன்றுமில்லை, நம் கஜம்தான்.) அங்கே மணல்திட்டில் முட்டையிடுவது 'துந்தோங்' எனும் ஆற்றாமை. அதுவும் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். 2011இல் சென் பெல்ஃப் நியோக் என்ற பெண் ஆய்வாளர் கூட்டாகத் தொடங்கிய மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கம், முட்டை எடுத்து வந்த கிராமத்தாரைக் குற்றவாளிகளாகப் பார்க்கவில்லை. எந்தத் திட்டில் ஆமை ஏறும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? முட்டையை அவர்களிடமே விலைக்கு வாங்கி, மணலில் புதைத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைச் சில மாதம் வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள்.

"காசுக்காகத்தானே கொடுக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். காசுக்காகவும்தான். அதில் என்ன குறை? ரந்தாவ் அபாங்கில் அதே காசு முட்டையைச் சந்தைக்கு இழுத்தது. இங்கே பொரிப்பகத்துக்கு இழுக்கிறது.

துந்தோங் பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடைய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகும். முதலில் ஆற்றில் விட்ட குஞ்சுகள் தாயாகித் திட்டில் ஏறுவது 2030களில்தான். அதுவரை ஒவ்வொரு பருவத்திலும் முட்டை வாங்கப் பணம் வேண்டும். அது பெரும்பாலும் நன்கொடையாக, நம்மைப் போன்றவர்களிடமிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.