குதிரைச் சேணத்தில் விடாப்பிடியான எண்ணெய்ப் பிசுக்கு: தோல் கெடாமல் எடுப்பது எப்படி?

தூத்துக்குடி மாவட்டத்தில் கோயில் கொடை, பொங்கல் என்றாலே மாட்டுவண்டிப் பந்தயமும் குதிரைவண்டிப் பந்தயமும் களைகட்டும். குதிரைக்குத் தீனி, பயிற்சி, லாடம் என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்பவர்கள்கூட, அதன் மேல் பூட்டும் தோல் வார்களைக் கவனிக்க மறந்துவிடுவது உண்டு. வாரின் உட்பக்கத்தில் தார் மாதிரி ஒட்டிக் கிடக்கும் கறுப்புப் பிசுக்கு வெறும் அழுக்குதானே என்று விட்டுவிட்டால், குதிரைக்கும் ஆபத்து, ஓட்டுபவருக்கும் ஆபத்து.

அந்தக் கறுப்புப் பிசுக்கு என்ன?

குதிரையின் வியர்வை, உதிர்ந்த தோல், முடி, தூசி, ஏற்கெனவே பூசிய எண்ணெய் ஆகியவை சேர்ந்து இறுகியதுதான் இந்தப் பிசுக்கு. குதிரையின் வியர்வையில் மனித வியர்வையைவிட உப்பு அதிகம். அதோடு 'லேதரின்' என்ற புரதமும் இருக்கிறது. ஓடி வந்த குதிரையின் உடம்பில் வார் உரசும் இடத்தில் சோப்பு போட்டது போல நுரை தள்ளுவதற்கு இதுதான் காரணம். அந்த நுரை காய்ந்து, அதன் மேல் தூசியும் எண்ணெயும் படிந்துகொண்டே போனால் கட்டியாகிவிடும்.

கடற்கரை ஊர்களில் சிக்கல் இன்னும் கூடுதல். உப்புக்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். ஈரமும் எண்ணெயும் சேர்ந்த தோலில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?

இறுகிய பிசுக்கு உப்புத்தாள் மாதிரி உரசி, குதிரையின் தோலில் புண் உண்டாக்கும். இன்னொரு ஆபத்து வெளியே தெரியாது. தையல் பிரிந்திருப்பதையும் தோலில் விழுந்த வெடிப்பையும் பிசுக்கு மூடி மறைத்துவிடும். ஓட்டத்தின் நடுவே கடிவாள வார் அறுந்தால் குதிரையை நிறுத்த வழியே இல்லை.

கொற்கைக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு?

பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையை விட்டுக் கடல் விலகிய பிறகு, அருகிலுள்ள காயல் பெரிய துறைமுகமானது. 13ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து இங்கே கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. ஒரு குதிரைக்கு 220 தினார் விலை பேசப்பட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் சீக்கிரமே இறந்துபோயின என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.

சுத்தம் செய்யும் முறை

1. வார்களைத் தனித்தனியாகக் கழற்றுங்கள். பக்கிள் மாட்டும் மடிப்புகளில்தான் அழுக்கு அதிகம் சேரும்.

2. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உப்பும் தூசியும் போகத் துடையுங்கள். வாரைத் தண்ணீரில் முக்கி ஊற வைக்கக் கூடாது.

3. சேடில் சோப் அல்லது கிளிசரின் சோப்பை ஈர ஸ்பாஞ்சில் தேய்த்து, சிறு வட்டங்களாகத் துடையுங்கள். நுரை அதிகம் வந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

4. கட்டியான இடத்தில் சோப்பைத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். இளகியதும் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தாலோ மழுங்கிய மரக்குச்சியாலோ மெதுவாகச் சுரண்டுங்கள். கத்தி, பிளேடு, இரும்பு நார் வேண்டாம். தையல் இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ் போதும்.

5. அழுக்கான ஸ்பாஞ்சை அடிக்கடி அலசுங்கள். கடைசியில் சுத்தமான ஈரத்துணியால் சோப்பு மிச்சம் இல்லாமல் துடைத்து எடுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் போகவில்லையா? காய விட்டு, மறுநாள் திரும்பச் செய்யுங்கள். அழுத்தித் தேய்த்தால் பிசுக்கோடு தோலின் மேல்பரப்பும் உரிந்து வந்துவிடும்.

தோல் எண்ணெயை உறிஞ்சிக் கறை பிடித்திருந்தால், சோளமாவைத் தூவி ஓர் இரவு வைத்து, காலையில் உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பழைய கறை முழுதாகப் போகாது, ஆனால் குறையும்.

இதையெல்லாம் செய்யாதீங்க!

"கொஞ்சம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா பளிச்சுனு ஆயிடும்" என்று சிலர் சொல்வார்கள். ஆகும்தான். ஆனால் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அழுக்கோடு சேர்த்து, தோலை வளைய வைக்கும் கொழுப்பையும் கரைத்துவிடும். அந்த வார் சீக்கிரமே வெடிக்கும். மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் குதிரையின் தோலையும் புண்ணாக்கும்.

துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம். பதப்படுத்திய தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. துணி சோப்போ காரத்தன்மை உள்ளது. திரும்பத் திரும்பப் போட்டால் தோல் விறைத்துப்போகும்.

காய வைப்பதும் எண்ணெய் போடுவதும்

வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காமல், காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். லேசான ஈரப்பதம் இருக்கும்போதே, மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் ஆயில் அல்லது லெதர் கண்டிஷனரைத் துணியில் தொட்டு, மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். மறுநாள் மேலே தங்கியதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெயைக் கொட்டினால் தோல் தொளதொளவென்று ஆகும், நூல் தையல் பலம் இழக்கும், தூசி ஒட்டிப் பழைய பிசுக்கு மறுபடி வந்து நிற்கும்.

பித்தளை பக்கிளைச் சுற்றிப் பச்சையாக ஒட்டியிருப்பது பாசி அல்ல. பித்தளையில் உள்ள செம்பு, தோலில் உள்ள கொழுப்போடு வினைபுரிந்து உண்டாவது அது. எண்ணெய் அதிகமானால் பச்சையும் அதிகமாகும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை?

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, வாரம் ஒருமுறை சோப்பு. இந்தப் பழக்கம் இருந்தால் பிசுக்கு கட்டியாகவே ஆகாது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றித் தொங்கவிடுவது நல்லது.

சுத்தம் செய்து முடித்ததும் ஒவ்வொரு வாரையும் வளைத்து, துளைகளையும் தையலையும் பாருங்கள். வெடிப்போ பிரிந்த நூலோ தெரிந்தால், தைத்து வாங்கும் வரை அந்த வாரைப் பூட்டக் கூடாது.