கைமாறும் வண்டிகள்: அமெரிக்கப் பழைய கார், லோரிச் சந்தையின் கதை



ஊரில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலடி நடக்கவிட்டு நடை பார்ப்பார். அதன் பிறகுதான் துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விற்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் மாட்டின் பல்லை மாற்றிவைக்க முடியாது. பழைய காருக்கும் லோரிக்கும் அப்படியொரு பல் இல்லை என்பதுதான் இன்றைய பேச்சின் தொடக்கம்.

என் தாய்மாமன் ஒருவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, கைக்கு வந்த பணத்தில் ஒரு பழைய லோரி வாங்கினார். பார்க்கப் போன அன்று அது சத்தமில்லாமல் ஓடிற்று, புகையும் இல்லை. மூன்றாம் நாள் நீலப் புகை கக்கத் தொடங்கியது. தேய்ந்துபோன இயந்திரத்தில் கெட்டியான எண்ணெயை ஊற்றிப் புகையை அடக்கி வைத்திருந்தார் விற்றவர். மாமா ஆறு மாதம் அந்த லோரிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்து அதை ஓடவைத்தார். அவர் பட்ட பாட்டை ஒரு நாட்டு மக்களே பட்டிருக்கிறார்கள். அந்த நாடு அமெரிக்கா.

ஹென்றி ஃபோர்டு தமது 'மாடல் டி' காரை 1908 அக்டோபரில் வெளியிட்டார். விலை 850 டாலர். 1925 அளவில் அதன் மிக மலிவான வகை 260 டாலருக்கு இறங்கிவிட்டது. 1927இல் அதன் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. அந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. குறடும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்த எந்தக் குடியானவனும் அதைப் பழுதுபார்க்கலாம். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் வாரை மாட்டி, மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். பின்பாதியை வெட்டிவிட்டுப் பலகை அடித்துச் சிறு லோரியாகவும் மாற்றினார்கள். குடியானவர்கள் தாமாகவே செய்துகொண்டதைக் கவனித்து, 1917இல் ஃபோர்டு ஒரு டன் சுமக்கும் 'மாடல் டிடி' அடிச்சட்டத்தை 600 டாலருக்கு விற்றது. 1925இல் பின்னால் பெட்டி பொருத்திய 'பிக்கப்' வண்டி தொழிற்சாலையிலிருந்தே 281 டாலருக்கு வந்தது.

இப்படிக் கோடிக்கணக்கில் வண்டி செய்தால், ஒருநாள் எல்லார் வீட்டு வாசலிலும் வண்டி நிற்கும். பிறகு புதிய வண்டியை யாருக்கு விற்பது? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். அவர் 1964இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், 1920களில் மோட்டார் வாணிபத்தின் போக்கையே மாற்றியவை நான்கு என்கிறார்: தவணை முறை, பழைய காரை ஈடாக எடுத்துக்கொள்ளுதல், மூடிய கூண்டு, ஆண்டுதோறும் புதிய தோற்றம். இவற்றுள் இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். பழையதைக் கொடுத்து மீதிப் பணத்தைக் கட்டிப் புதியதை ஓட்டிச் செல்லலாம் என்ற வழக்கம் வந்தவுடன், விற்பனைக் கடைகளின் பின்புறமெல்லாம் பழைய வண்டிகள் நிரம்பின. ஒரு வண்டி முதலில் பணக்காரரிடம் இருக்கும். பிறகு குமாஸ்தாவிடம், பிறகு தொழிலாளியிடம், கடைசியில் பண்ணைக் கூலியிடம் போய்ச் சேரும். ஒவ்வொரு கைக்கும் வரும்போது வண்டியின் வயது கூடும். வாங்குகிறவரின் பணம் குறையும். பழுதாகும் வண்டி, பழுதைத் தாங்க முடியாதவனிடம் போய்ச் சேர்கிறது. இந்த வாணிபத்தின் கொடுமை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பழைய கார் விற்றுவந்த லெஸ் கெல்லி என்பவர், எந்தக் காருக்கு என்ன விலை கொடுக்கத் தயார் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். 1926இல் அதைப் புத்தகமாக அச்சிட்டார். 'நீலப் புத்தகம்' என்று வழங்கும் அந்த விலைப்பட்டியல் இன்றும் அந்நாட்டில் பெயர் பெற்றது. அதில் விலை இருந்தது. வண்டியின் உள்ளே என்ன கோளாறு என்பது இல்லை.

1930களில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. கூடவே மத்திய சமவெளியில் வறட்சியும் புழுதிப் புயலும் வந்தன. ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் நிலத்தை இழந்த குடும்பங்கள், கையிலிருந்த சொற்பக் காசுக்கு ஒரு பழைய வண்டியை வாங்கி, சட்டி பானை, மெத்தை, குழந்தைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, 66ஆம் எண் நெடுஞ்சாலை வழியே கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டன. வண்டி நின்றுவிட்டால் குடும்பம் பாலைவனத்தில் நிற்க வேண்டியதுதான்.

இந்தக் காலத்தை ஜான் ஸ்டைன்பெக் 1939இல் வெளிவந்த 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்ற நாவலில் காட்டுகிறார். அதில் ஓர் அத்தியாயம் முழுக்கப் பழைய கார்க் கடையைப் பற்றியது. இரைச்சல் கேட்காமலிருக்கப் பல்சக்கரங்களுக்குள் மரத்தூளைப் போடுவதும், நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செத்த பேட்டரியை வைப்பதும் அங்கே வருகின்றன. கதைக் குடும்பத்தின் வண்டியோ, ஹட்சன் காரின் பின்பாதியை வெட்டிச் செய்த லோரி. உடன் வரும் மற்றொரு குடும்பத்தின் காரில் வழியில் பேரிங் எரிந்துபோகிறது. பதினாறு வயதுப் பையன் ஆல், தன் அண்ணனோடு பழைய இரும்புக் கிடங்குக்குப் போய், அதே வகைக் காரிலிருந்து கனெக்டிங் ராடைக் கழற்றி வந்து, சாலையோரத்தில் இரவோடிரவாகப் பொருத்துகிறான்.  நிலம் இருந்த காலத்தில் தாத்தாவுக்கு இருந்த மரியாதை, இப்போது சுத்தியலும் ஸ்பேனரும் பிடிக்கத் தெரிந்த பேரனுக்கு வந்துவிடுகிறது. பல வரலாற்று நூல்கள் சொல்லாததை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. டயருக்குப் பங்கீடு, வேகத்துக்கு மணிக்கு 35 மைல் என்ற வரம்பு. 1945 வரை புதிய கார் இல்லை. ஆகவே இருந்த வண்டியைப் பேணிக் காக்கத் தெரிந்தவனே வண்டி ஓட்டினான். இதே கதை 2021இலும் நடந்தது. பெருந்தொற்றையொட்டி மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்து புதிய வண்டிகள் குறைந்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் பழைய கார், லோரிகளின் விலை முந்தைய ஆண்டைவிட 45 விழுக்காடு கூடியிருந்தது.

யுத்தம் முடிந்ததும் 1947இல் ஷெவ்ரொலெட் நிறுவனமும், 1948இல் ஃபோர்டும் புதுவகைப் பிக்கப் லோரிகளை வெளியிட்டன. இன்று அமெரிக்க இளைஞர்களும் ஓய்வுபெற்றவர்களும் கொட்டகையில் நிறுத்தி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்யும் வண்டிகளில் இவை பேர்போனவை. காரணம் எளிது. மூடியைத் திறந்தால் இயந்திரத்தைச் சுற்றி ஆள் நிற்க இடம் இருக்கும். அந்நாளைய ஷெவ்ரொலெட்டின் ஆறு சிலிண்டர் இயந்திரத்தில் பேரிங் என்பது உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகம். தேய்ந்தால் இடையிலுள்ள மெல்லிய தகடுகளை எடுத்து இறுக்கிக்கொள்ளலாம். அதுவும் போதாதென்றால் பின்னாளில் வந்த பெரிய இயந்திரத்தைச் சிறு மாற்றங்களோடு அதே இடத்தில் உட்காரவைக்கலாம். இயந்திரத்தைவிடக் கூண்டுதான் தொல்லை. கதவுக்கு அடியிலும் கூண்டின் பின்மூலைகளிலும் உள்ளிருந்து துரு அரிக்கும். அதன்மேல் புட்டி பூசிச் சாயம் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அனுபவசாலிகள் சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் கொண்டுபோவார்கள். இரும்பில் ஒட்டும் காந்தம் புட்டியில் ஒட்டாது. மாட்டின் பல்லுக்குப் பதிலாக இது ஒன்றாவது கிடைத்ததே!

மைல் மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது மற்றொரு பழைய வித்தை. 1972இல் அமெரிக்க மத்திய அரசு சட்டம் போட்டு அதைத் தடுத்தது. விற்கிறவர் ஓடிய மைல்களை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது.

இந்நிலையில் ஒரு பொருளியல் அறிஞர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி யோசித்தார். ஜார்ஜ் அகெர்லாஃப் என்பது அவர் பெயர். மோசமான காரை அமெரிக்கப் பேச்சில் 'எலுமிச்சம்பழம்' என்பார்கள். 'எலுமிச்சம்பழச் சந்தை' என்ற அவருடைய கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. இது அற்ப விஷயம் என்று கருதிய இதழ்களும் அவற்றுள் உண்டு. 1970இல் நான்காவது இதழ் வெளியிட்டது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதை நம் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். நல்ல பழைய லோரி 8,000 வெள்ளி பெறும். கெட்டது 2,000 வெள்ளி பெறும் என்று வைத்துக்கொள்வோம். எது நல்லது, எது கெட்டது என்று விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவர் நடுத்தரமாக 5,000 வெள்ளிக்குமேல் கொடுக்க மாட்டார். நல்ல லோரி வைத்திருப்பவர், இந்த விலைக்கு எதற்கு விற்பது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார். சந்தையில் கெட்டவையே மிஞ்சும். அது தெரிந்ததும் வாங்குகிறவர் மேலும் விலையைக் குறைப்பார். இப்படியே போனால் சந்தையே படுத்துவிடும். ஏமாற்றுகிறவன் தன்னிடம் வாங்கியவனுக்கு மட்டுமல்லாமல், நேர்மையாக விற்க நினைப்பவனுக்கும் நஷ்டம் உண்டாக்குகிறான்.

இதில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. அகெர்லாஃப் 1967-68இல் டில்லியிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஓராண்டு இருந்தவர். கடைத்தெருவில் வாங்கிய அரிசியில், அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் வேண்டுமென்றே கலந்த கற்களை இல்லத்தரசி பொறுக்க வேண்டியிருப்பதைத் தம் கட்டுரையில் குறிப்பிடுகிறார். நம் பாட்டிமார் முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கியதும், லோரிக்கு அடியில் படுத்து மாமா துரு தேடியதும் ஒரே வேலை என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அறிஞர் சொன்னால் போதுமா? சட்டம் வேண்டாமா? 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம், பழைய கார் விற்பனைக்கு விதி வகுக்கும்படி மத்திய வாணிப ஆணையத்தைப் பணித்தது. ஆணையம் 1981இல் விதியை முடித்தது. தமக்குத் தெரிந்த பெரிய கோளாறுகளை விற்பனையாளர் எழுதி வண்டியில் ஒட்ட வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. தெரியாததைச் சொல்லச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னால் போதும். கார் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1982இல் நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் அந்த விதியை ரத்து செய்தன. அப்படி ரத்து செய்யும் முறையே அரசியலமைப்புக்கு முரணானது என்று 1983இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. எனினும் 1984இல் ஆணையம் விதியைத் திருத்தி வெளியிட்டபோது, தெரிந்த கோளாறைச் சொல்ல வேண்டும் என்ற பகுதி காணாமற் போயிற்று. 1985 மே மாதம் முதல் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. உத்தரவாதம் உண்டா, அல்லது இருக்கிறபடியே விற்கப்படுகிறதா என்பதை அது சொல்லும். பத்தாண்டு உழைப்பில் கிடைத்தது அந்தத் தாள்தான். ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்பாரும் உண்டு. பல்லைப் பிடுங்கிய விதி என்பாரும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

கடைசியாக 2009ஆம் ஆண்டுக்கு வருவோம். மீண்டும் பொருளாதாரச் சரிவு. எண்ணெய் அதிகம் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் தருவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்குள் ஏறத்தாழ 6,77,000 வண்டிகள் வந்து குவிந்தன. அவை மறுபடி சாலைக்கு வரக்கூடாது என்பது விதி. ஆகவே இயந்திரத்தின் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் என்ற கரைசலை ஊற்றி, இயந்திரத்தை ஓடவிட்டார்கள். சூட்டில் நீர் ஆவியாகி, கரைசல் கண்ணாடிபோல் இறுகி, சில நிமிடங்களில் இயந்திரம் பூட்டிக்கொண்டு நின்றது. அதைச் செய்தவர்கள், அத்தகைய இயந்திரங்களைப் பழுதுபார்த்தே பிழைத்த மெக்கானிக்குகள். கதவு, விளக்கு முதலியவற்றைக் கழற்றி விற்க அனுமதி உண்டு. இயந்திரத்தை விற்க அனுமதி இல்லை.

இருபத்தைந்து ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே அந்தத் திட்டம். அந்த வரம்பைத் தாண்டியிருந்த 1947ஆம் ஆண்டு ஷெவ்ரொலெட்டுகளும் 1948ஆம் ஆண்டு ஃபோர்டுகளும் கொட்டகைகளில் அப்படியே நின்றன.