கஅபாவின் சுவரில் ஹபஷாவின் கைவண்ணம்

சேர்வராயன் மலையடியில் அமைந்த கொண்டப்பநாயக்கன்பட்டியில் கருங்கல் சுவர் எழுப்பும் கொத்தனாரை நாம் பார்த்திருக்கிறோம். ஓரளவு உயரம் வந்ததும் கல் வைப்பதை நிறுத்திவிட்டு, சுவரைச் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை போடுவார். ‘பெல்ட்’ என்பது அவருடைய வழக்கு. கற்கள் விலகிவிடாமல் சுவரை ஒன்றாக இறுக்கிப் பிடிப்பது அந்தப் பட்டைதான். சிமெண்ட் இல்லாத காலத்தில் இதே வேலையை மரம் செய்தது. கல்வரிசைகளுக்கு நடுவே மரத்தைப் பதித்துக் கட்டும் அக்கலையில் பெயர் பெற்றவர்கள் ஹபஷா நாட்டினர்.

ஹபஷா என்றதும் பிலால் (ரலி) அவர்களும் நீதி தவறாத நஜ்ஜாஷி மன்னரும் கி.பி. 615இல் நடந்த முதல் ஹிஜ்ரத்தும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த முஹாஜிர்கள் போய்ச் சேர்ந்த நாடு கட்டடக்கலையில் எத்தகைய உயரத்தில் இருந்தது என்பதை நம் பயான்களில் அதிகம் கேட்க முடிவதில்லை.

இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கே யேஹா என்னும் ஊரில், கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பழங்கோயில் நிற்கிறது. செதுக்கிய கற்களைச் சாந்து பூசாமலேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். அதன் அமைப்பும் அங்குள்ள எழுத்தும் செங்கடலுக்கு அப்பால் இருந்த ஸபா நாட்டை நினைவூட்டுகின்றன. சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் திருக்குர்ஆன் குறிப்பிடும் அதே ஸபாதான். இதனால், ஹபஷாவின் கலை முழுவதும் ஏமனிலிருந்து இறக்குமதியானது என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் எழுதினர். ஆப்பிரிக்கர்களால் தாமாக எதையும் செய்ய இயலாது என்ற எண்ணமும் அக்கருத்துக்குள் ஒளிந்திருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. கடல் கடந்து வந்ததை உள்ளூர் மக்கள் தமக்கேற்ப மாற்றி வளர்த்தனர் என்பதே இன்று வலுப்பெற்றுள்ள கருத்து.

அந்த வளர்ச்சியைத் தலைநகர் அக்ஸூமில் காணலாம். அங்கு ஒரே கல்லில் செதுக்கிய நெடுந்தூண்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரியது ஏறத்தாழ 33 மீட்டர் நீளமுடையது. விழுந்து உடைந்து கிடக்கிறது. சுமார் 24 மீட்டர் உயரமுள்ள மற்றொன்றை 1937இல் இத்தாலியப் படை ரோமுக்குக் கொண்டுசென்றது. அது 2005இல் தாயகம் திரும்பி, 2008இல் மீண்டும் நிறுத்தப்பட்டது. இத்தூண்களின் முகப்பில் பலமாடி வீடு ஒன்றின் தோற்றம் கதவு, சன்னல்களோடு செதுக்கப்பட்டிருக்கிறது. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உத்திர முனைகளைக்கூட அச்சிற்பிகள் விட்டுவைக்கவில்லை. அம்முனைகளை அந்நாட்டார் ‘குரங்குத் தலை’ என்பர். கல்லும் மரமும் கலந்த நிஜக் கட்டடமாக இம்முறையை தெப்ரெ தாமோ என்னும் மலையுச்சி மடத்தில் பார்க்கலாம். அங்கே கிடைத்த புதையலில் நூற்றுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் நம் நாட்டுக் குஷான மன்னர்களுடையவை. இந்தியச் சரக்கு அதூலிஸ் துறைமுகம் வழியாக அந்நாட்டுக்குச் சென்ற காலத்தின் எச்சம் அது.

இனி மக்காவுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்களுக்கு 35 வயதானபோது குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்தனர். ஹஜருல் அஸ்வதை யார் வைப்பது என்று எழுந்த பூசலை அண்ணலார் ஒரு விரிப்பைக் கொண்டு தீர்த்துவைத்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகளும் அறிவர். அந்தச் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் பழைய வரலாற்றாசிரியர் அஸ்ரகீ எழுதிவைத்துள்ளார். செங்கடல் கரையில் உடைந்துபோன ஒரு கப்பலின் மரத்தை விலைக்கு வாங்கி, ஒரு வரிசை கல், ஒரு வரிசை மரம் என மாற்றி மாற்றி அடுக்கினர். கல்வரிசை 16, மரவரிசை 15. பாகூம் என்பவர் அப்பணியைச் செய்தார். அவரை ‘ரூமி’ என்றே நம் நூல்கள் குறிக்கின்றன. ஆயினும் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் கிரெஸ்வெல், இது ஹபஷாவின் கட்டுமுறை என்றும், பாகூம் என்பது ஹபஷாவில் வழங்கிய ‘என்பாகோம்’ என்னும் பெயராகலாம் என்றும் கருதினார். பெயரைப் பற்றிய ஊகம் எப்படியும் போகட்டும். கட்டுமுறையின் ஒற்றுமை புறக்கணிக்கத் தக்கதன்று. கி.பி. 683இல் மக்கா முற்றுகையிடப்பட்டபோது அச்சுவர் தீக்கிரையாயிற்று. அதன்பின் இப்னு ஸுபைர் (ரலி) கஅபாவை மீண்டும் கட்டினார்கள்.

ஹபஷாவில் வாழ்ந்து திரும்பிய உம்மு ஸலமா (ரலி), உம்மு ஹபீபா (ரலி) ஆகிய இருவரும் அங்குக் கண்ட ‘மாரியா’ தேவாலயத்தின் அழகை அண்ணலாரிடம் எடுத்துரைத்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அதைக் கேட்ட அண்ணலார் கண்டித்தவை, நல்லோரின் கப்றுகள்மீது வணக்கத்தலம் எழுப்புவதும் அதில் உருவங்களை அமைப்பதுமே. கட்டுமுறையைப் பற்றிய கண்டனம் அதில் இல்லை.

பிற்காலத்தில் ஹபஷாவிலிருந்து இந்தியா வந்தவர்களும் கட்டினார்கள். அகமதாபாத்தில் 1572–73இல் ஸீதி ஸையித் எழுப்பிய பள்ளிவாசலின் சன்னலில், கிளை பரப்பிய மரம் ஒன்று கல்லில் சல்லடையாக இழைக்கப்பட்டுள்ளது. கட்டுவித்தவர் ஹபஷி; வேலைப்பாடோ முற்றிலும் குஜராத்துடையது. நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நடந்தது இதுவே. அரபுக் கடலோடிகளின் மார்க்கம், பாண்டி நாட்டுக் கல்தச்சரின் உளி, தட்டையான கற்கூரை, பொதிகை தாங்கும் தூண்கள். சிலை மட்டும் இல்லை. அதன் இடத்தில் கொடியும் மலரும் உள்ளன.

அத்தகைய பள்ளிகளைக் ‘கோயில் மாதிரி இருக்கிறதே’ என்று கூசி இடித்துவிட்டு, குவிமாடமும் ஓடு பதித்த சுவருமாகக் கட்டும் ஆர்வம் இன்று பல மஹல்லாக்களில் காணப்படுகிறது. இடம் போதவில்லை என்பது உண்மையான காரணம். அதை நாம் மறுக்கவில்லை. கூச்சம்தான் நமக்குப் புரியவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு மஹல்லாவில் அவ்வாறு இறக்கப்பட்ட தூண்களில் இரண்டு இப்போது ஹவ்ளுக்கு வெளியே படுத்துக் கிடக்கின்றன. தொழ வருவோர் அவற்றின்மேல் அமர்ந்து செருப்பைக் கழற்றுகிறார்கள்.