அமைதிப் பேச்சில் இடம்பெறாத அரசுகள்: பாலக்காடும் திருவிதாங்கூரும்

போரில் பங்குகொண்ட அரசு ஒன்று, போருக்குப் பிந்தைய உடன்படிக்கைப் பேச்சில் சேர்க்கப்படாமல் போவது உலகெங்கும் நடந்திருக்கிறது. 1919இல் வெர்சாய் உடன்படிக்கையின் ஷரத்துகளைப் பேசி முடிவு செய்த இடத்தில் தோற்ற ஜெர்மனி இல்லை. 1951இல் ஜப்பானோடு சமாதானம் செய்யச் சான் பிரான்சிஸ்கோவில் கூடியபோது, ஜப்பானியப் படையெடுப்பில் பெரும் அழிவைக் கண்ட சீனாவுக்கு அழைப்பில்லை; பெய்ஜிங், தைபே ஆகிய இரண்டில் எந்த அரசைச் சீனா என்று ஏற்பது என்பதில் வல்லரசுகள் ஒத்துப்போகவில்லை. தென்னிந்தியாவில் இதற்குத் தெளிவான சான்று மைசூர்ப் போர்களில் கிடைக்கிறது.

கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் படை நடத்த வசதியான வழி பாலக்காட்டுக் கணவாய். கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் நெருக்கடிக்கு எதிராக 1757 வாக்கில் பாலக்காட்டு அரசரான அச்சன் மைசூரின் ஹைதர் அலியின் துணையை நாடினார். துணைக்கு அழைக்கப்பட்டவர் பிறகு அங்கேயே கோட்டை கட்டினார். 1783இல் ஆங்கிலேயப் படையின் கர்னல் ஃபுல்லார்ட்டன் கைப்பற்றிய அக்கோட்டை, 1784 மார்ச் 11இல் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் ஹைதரின் மகன் திப்புவிடமே திரும்பியது. அந்த உடன்படிக்கையின் முதல் ஷரத்து படிக்க வேண்டிய ஒன்று. தஞ்சாவூர், திருவிதாங்கூர் அரசர்களை ஆங்கிலேயரின் நண்பர்கள் என்கிறது. மலபார் அரசர்களைத் திப்புவின் நண்பர்கள் என்கிறது. திப்புவின் ஆட்சியை எதிர்த்து நின்றவர்கள் ஏட்டில் அவருடைய கூட்டாளிகளானார்கள்! கையெழுத்திட்டவர்களில் அவர்கள் யாரும் இல்லை.

1789 டிசம்பரில் திப்பு நெடுங்கோட்டையைத் தாக்கியதே மூன்றாம் மைசூர்ப் போருக்குக் காரணம். அது திருவிதாங்கூரின் அரண். 1790இல் தலச்சேரியிலிருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் வடமலபார் அரசர்களுக்குக் கவுல் என்ற உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள்: முழுமனதோடு போரில் இறங்கினால் திப்புவின் பிடியிலிருந்து விடுவிப்போம், சமாதானம் ஏற்படும்போது கம்பெனியின் நட்பரசராகக் கருதுவோம் என்று. கொச்சி அரசரோ போர் முடியும் முன்பே, 1791இல், கம்பெனிக்குத் திறை செலுத்துபவரானார்.

1792 தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பேச்சு நடந்தது. திப்புவின் வக்கீல்களோடு, அதாவது தூதர்களோடு, பேசியவர்கள் கம்பெனி, நிஜாம், பேஷ்வா ஆகிய மூன்று தரப்பினர் மட்டுமே. எவருடைய அரணுக்காகப் போர் மூண்டதோ அந்தத் திருவிதாங்கூர் அங்கே இல்லை. மார்ச் 18இல் முடிவான உடன்படிக்கைப்படி திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்பினார். கம்பெனிக்கு வந்த பகுதிகளின் வருவாய்ப் பட்டியலில் கோழிக்கோடு, திண்டுக்கல், சேலம், பாராமகால் ஆகியவற்றோடு பாலக்காடும் ஓர் இனம். திண்டுக்கல் சீமை கைமாறியதால், இன்றைய இடுக்கி மலைகளின் கிழக்கே திருவிதாங்கூருக்குக் கம்பெனியே அண்டை நாடானது.

இந்த விலக்கலை வெறும் மறதி என்று சொல்ல இடமில்லை. மலபார் திப்புவின் உடைமை, அதை அவர் எழுதிக் கொடுத்துவிட்டார், ஆகவே அதன்மீது அவருக்கிருந்த மேலாண்மை தனக்கே வந்தது என்பது கம்பெனியின் வாதம். அரசர்களைப் பேச்சில் உட்கார வைத்திருந்தால் அந்த வாதம் நின்றிருக்காது. கவுலில் நட்பரசர்களாக இருந்தவர்கள் வரி வசூலிக்கும் குத்தகைதாரர்களானார்கள். நாளடைவில் அதுவும் போய் மாலிகானா என்ற உதவித்தொகை மிஞ்சியது. வடமலபாரின் பழசிராஜா இதை ஏற்காமல் போராடி 1805 நவம்பர் 30இல் உயிர்விட்டார். படைபலம் மிக்க திருவிதாங்கூரைக் கம்பெனி அப்படி நடத்தவில்லை. ஆனால் போர்ச் செலவில் பங்கு கேட்டது, 1795இல் தனி உடன்படிக்கையும் செய்தது.

மலபார் 1800இல் சென்னை மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. பாலக்காடு 1956 நவம்பர் 1இல் கேரளம் உருவாகும்வரை சென்னையின் ஆட்சியிலேயே இருந்தது.